கிரிமியப் பெட்டி: காய் அட்டையைப் பிரிக்கலாமா, கூடாதா?

அறுகோணம்:
எஸ்பிஐ 1978இல் வெளியிட்ட கிரிமியப் போர்ப் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. 1853–56இல் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ஒரு பக்கமும் ரஷ்யா மறுபக்கமும் மோதின போரை மேசையில் ஆடும் பலகை விளையாட்டு. (வங்கி இல்லைங்க. ஜிம் டன்னிகன் 1969இல் நியூயார்க்கில் தொடங்கி, 1982இல் டிஎஸ்ஆர் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனத்தின் கைக்குப் போன போர் விளையாட்டு நிறுவனம்.) ஒரே பெட்டிக்குள் நாலு போர்: ஆல்மா, பாலக்லாவா, இன்கர்மன், செர்னயா ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம், நூறு காய், தனி விதித்தாள். நாலுக்கும் பொதுவாக ஒரு விதிப்புத்தகம். காய் அட்டை (படைக் காய்களை அச்சிட்டு, ஒன்றோடொன்று ஒட்டியபடி வரும் அட்டை) பிரிக்காத பிரதி கிடைத்தால் அதைத் தொடவே கூடாது என்று பெட்டிக்காவலன் வேறொரு இழையில் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ஆடத்தான் அச்சிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அட்டையிலேயே தூங்கின காய் இன்னும் எத்தனை வருஷம் தூங்கணும்?

பெட்டிக்காவலன்:
பாதியை மட்டும் எடுத்துப் போட்டுட்டீங்க. ஆடாதே என்று சொல்லவில்லை, பிரிக்காமல் ஆடு என்றேன். காயை 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து, பைண்டிங் கடையில் கிடைக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டி, இரும்பு அடிக்கோலை வைத்து வெட்டினால் ஆட்டம் ரெடி. அசல் பெட்டியிலேயே இருக்கும். பிரிக்காத அட்டையில் எல்லாக் காயும் இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். பிரித்த பிரதி என்றால் 400 காயையும் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணணும். நாலு ஆட்டத்துக் காயும் ஒரே பையில் கலந்து கிடந்தால் அந்த எண்ணிக்கைக்கே ஒரு மாலைப்பொழுது போகும். ஒரு படைக் காய் குறைந்தாலும் அந்தப் போர் முழுசாக இல்லை.

கத்தரி:
நகல் காய் பற்றி எழுதுறவங்க ஒரு விஷயத்தை எப்பவும் விட்டுடுவாங்க: அளவு. அசல் காய் அரை அங்குலம், அதாவது 12.7 மிமீ. பிரிண்டர் அமைப்பில் 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருந்தால் சத்தமில்லாமல் 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். பத்துக் காய் வரிசை 127 மிமீ இருக்க வேண்டியது 123 ஆகும். அடிக்கோலை அசல் அளவுக்கு வைத்து வெட்டினால் கடைசிக் காயில் பக்கத்துக் காயின் எண் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் அச்சுள்ள காய் என்றால் இன்னும் மோசம். முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ரஷ்யப் படையின் பின்பக்கத்தில் பிரிட்டிஷ் நிறம் எட்டிப் பார்க்கும்.

வரைபடம் அதைவிடத் தொல்லை. 17க்கு 22 அங்குலம், அதாவது 43.2க்கு 55.9 செமீ. ஏ3 ஸ்கேனரின் நீளம் 42 செமீ. இரண்டு தடவையில் எடுத்தால் ஒரு ஓரத்தில் 1.2 செமீ விட்டுப்போகும். அதனால் நாலு தடவை எடுத்து ஒட்டணும். மடிப்பு விழுந்த இடத்தில் நிழல் விழும். மேலே கண்ணாடியை அழுத்தினால் பழைய மடிப்பு விரியும். அசலைக் காப்பாத்தத்தான் நகல் என்கிறீர்கள், அந்த நகல் எடுக்கும்போதே அசல் அடிபடுது.

பெட்டிக்காவலன்:
வரைபடத்தை ஏன் ஸ்கேன் எடுக்கணும்? அசல் வரைபடத்தையே விரித்து, மேலே 3 மிமீ அக்ரிலிக் தகடு போட்டு ஆடலாம். மடிப்பை எதிர்ப்பக்கம் மடித்து நிமிர்த்தாமல் இருந்தால் சரி. நான் பேசினது காய் அட்டையைப் பற்றி மட்டும்.

கத்தரி:
அப்போ காய்க்கு வருவோம். பிரிக்கிறவங்க செய்யும் பெரிய தப்பு, முறுக்கிப் பிடுங்குவது. காய்கள் மூலையில் ஒரு சின்ன ஒட்டில்தான் நிற்கும். முறுக்கினால் அட்டை விடாது, மேலே இருக்கும் அச்சுத்தாள்தான் உரியும், அதுவும் பக்கத்துக் காயிலிருந்து. கூர்மையான கலைக்கத்தியை ஒட்டின் மேல் செங்குத்தாக வைத்து அழுத்தணும், இழுக்கக் கூடாது. அப்புறம் மூலையில் தொங்கும் பிசிறு. நகவெட்டியால் ஒரு மில்லிமீட்டருக்குள் வெட்டினால் போதும். சிலர் அழகுக்காக இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மழித்துவிடுகிறார்கள். 12.7 மிமீ காயில் அது கீழ்விளிம்பில் உள்ள எண்ணையே கடிக்கும். இப்படிப் பிரித்த பிரதி அழகாகவே இருக்கும்.

பெட்டிக்காவலன்:
அழகாக இருக்கலாம், ஆனா திரும்பி ஒட்ட முடியாதே. சேகரிப்பவன் பார்வையில் அது ஒருவழிப் பாதை. ஒரு விஷயம் ஒத்துக்கிறேன். பிரிக்காமல் வைப்பதும் சும்மா வைப்பது இல்லை. கடலோர ஊரில் ஈரம் ஏறி அட்டை வளைந்தால் காய் தானாகவே உதிரும். பசைக்கும் தாளுக்கும் இராமபாணப் பூச்சி வரும். ரப்பர் பேண்ட் போட்டால் சில வருஷத்தில் உருகி அட்டையில் பழுப்புக் கோடு விழும். பெட்டியைப் படுக்க வை, மேலே கனம் ஏற்றாதே, சிலிக்கா ஜெல் போட்டு அவ்வப்போது மாற்று. இன்னொன்று, ஷ்ரிங்க் உறை (பெட்டியை இறுக்கிச் சுற்றும் பிளாஸ்டிக் தாள்) இருப்பதாலேயே பிரிக்காதது என்று நம்பாதீர்கள். வெப்பத் துப்பாக்கி இருந்தால் யாரும் மறுபடி உறை போடலாம்.

குதிரைப்படை:
நீங்க ரெண்டு பேரும் அட்டையிலேயே நிக்கறீங்க. ஆடினால்தான் தெரியும் விஷயம் ஒன்று இருக்கு. 1854 அக்டோபர் 25, பாலக்லாவா. மேலிருந்து முழு வரைபடத்தையும் பார்க்கும் எந்த ஆட்டக்காரரும், அன்று நிஜமாகவே அப்படிப் பாய்ந்த பிரிட்டிஷ் குதிரைப்படையான லைட் பிரிகேடைப் பள்ளத்தாக்குக்குள் பீரங்கி வரிசைக்கு நேராக அனுப்பவே மாட்டார். அனுப்பாவிட்டால் அது பாலக்லாவா இல்லை. அதனால் வீட்டு விதி ஒன்று: குதிரைப்படைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு பகடை. 2 அல்லது 12 விழுந்தால் கட்டளை தவறிப்போச்சு, அருகில் தெரியும் எதிரி பீரங்கி மேல் பாயணும்.

அறுகோணம்:
36இல் 2, அதாவது பதினெட்டில் ஒன்று. ஆட்டம் முழுக்கப் பன்னிரண்டு கட்டளை கொடுத்தால் ஒரு தடவையாவது தவற ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. அளவு சரி, காரணம்தான் தப்பு. அன்று நடந்தது தற்செயல் இல்லை. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் சபூன் மேட்டில், பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 600 அடி உயரத்தில் இருந்தார். காஸ்வே மேட்டில் துருக்கியரிடமிருந்து பிடித்த அரண்களின் பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துப் போவது அவருக்குத் தெரிந்தது. கீழே நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு அந்தப் பீரங்கி தெரியவே இல்லை. ராக்லனின் கட்டளையாக கேப்டன் நோலன் கொண்டுவந்த சீட்டில் எந்தப் பீரங்கி என்று எழுதவும் இல்லை. ஆகப் பகடை உருட்ட வேண்டியது எப்போது? கட்டளை கொடுப்பவருக்குத் தெரியும் இலக்கு, வாங்குபவரின் காய் நிற்கும் அறுகோணத்திலிருந்து (வரைபடத்தின் ஆறு பக்கக் கட்டம்) தெரியாதபோது மட்டும்.

குதிரைப்படை:
அது நியாயம். அப்போ பதினெட்டில் ஒன்று போதாது, மறைந்த இலக்குக்கு ஆறில் ஒன்று வைக்கலாம். பாய்ந்ததும் படை காணாமல் போகிற மாதிரியும் எழுதக் கூடாது. சுமார் 670 பேர் போனார்கள், இறந்தது ஏறத்தாழ 110. அடிபட்டாலும் பீரங்கிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிரச்சினை திரும்பி வருவதில்தான். வடக்கே ஃபெடியூகின் மேட்டுப் பீரங்கிகளைப் பிரெஞ்சுக் குதிரைப்படை விரட்டியிருக்காவிட்டால் வந்தவர்கள் இன்னும் குறைவு. ஆக முதல் அறுகோணத்திலேயே காயைத் தூக்கி எறிய வேண்டாம். போகும்போது பாதி பலம், திரும்பும்போது இன்னொரு சோதனை.

அறுகோணம்:
சரி, இந்த விதியைச் சோதிக்க பாலக்லாவாவின் நூறு காயை மட்டும் பிரிக்கலாம். மற்ற மூன்றும் அப்படியே கிடக்கட்டும். இரண்டு பேருக்கும் திருப்தி.

பெட்டிக்காவலன்:
மூன்று பிரிக்காததும் ஒன்று பிரித்ததும் இருந்தால், கேட்கிறவன் பிரித்த பெட்டி விலைதான் கொடுப்பான்.

கத்தரி:
விலை எப்படியும் போச்சுன்னா, மற்ற மூணையும் எடுங்க. கத்தி தயாரா இருக்கு.