முதல் டிரைசூட்: நியோபிரீனா, டிரைலேமினேட்டா?

ஏரிமீன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா கற்றவன். அங்கே தண்ணீர் 28 பாகைக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை, தண்ணீர் உள்ளே புகும் ரப்பர் உடையான வெட்சூட், அதிலும் 3 மி.மீ. தடிமனே எனக்குப் புழுக்கமாக இருந்தது. வேலையின் பொருட்டு டொராண்டோவுக்கு வந்தபின், சென்ற ஜூலையில் டொபர்மோரிக்குப் போய், வாடகைக்கு எடுத்த 7 மி.மீ. வெட்சூட்டும் தலையுறையும் அணிந்து ஹியூரான் ஏரியில் இறங்கினேன். மேற்பரப்பில் 18 பாகை காட்டிய, மணிக்கட்டில் கட்டும் டைவ் கணினி, 20 மீட்டரில் 6 பாகை காட்டியது. பதினைந்தாவது நிமிடத்தில், காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கியான பி.சி.டி.யின் பொத்தானை அழுத்துகிறேனா இல்லையா என்பதே விரல்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது டைவை விட்டுவிட்டுப் படகில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, தண்ணீரே உள்ளே புகாத உடையான டிரைசூட் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். கையில் 2,000 கனடிய டாலர் இருக்கிறது. நுரை ரப்பரான நியோபிரீன் கதகதப்பானது என்று ஒரு கடையிலும், மூன்று அடுக்கு மெல்லிய துணியான டிரைலேமினேட்தான் நீடித்து உழைக்கும் என்று மற்றொரு கடையிலும் சொல்கிறார்கள். இதற்கிடையே, எட்டு ஆண்டு பழைய டிரைலேமினேட் ஒன்று 700 டாலருக்கு வருகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பாய்மரம் எழுதியது:

நீங்கள் பட்ட குளிர் அந்த ஏரியின் இயல்பு. நன்னீர் 4 பாகையில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது என்பதால், கோடையில் மேல்நீர் எவ்வளவு சூடானாலும் அந்தக் கனத்த குளிர்நீர் அடியில் அப்படியே படுத்திருக்கும். 1884-இல் மூழ்கிய அரேபியா என்னும் பாய்மரக் கப்பல் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே போக வேண்டுமென்ற ஆசை உங்களுக்கும் ஒருநாள் வரும். அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. சாதாரண நியோபிரீனுக்குள் இருக்கும் காற்றுக்குமிழ்கள் அங்கே நசுங்கிவிடுவதால், குளிர் மிகும் இடத்தில்தான் அதன் கதகதப்பு குறைகிறது. டிரைலேமினேட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஏனெனில் அதற்குச் சொந்தக் கதகதப்பே கிடையாது. அது தண்ணீரை வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். சூடு முழுவதும் உள்ளே அணியும் அண்டர்சூட்டிலிருந்தும், அதில் தங்கும் காற்றிலிருந்தும் வருவது. ஆகையால் 2,000 டாலரையும் சூட்டுக்கே கொடுத்துவிடாமல், நல்ல அண்டர்சூட்டுக்கும் உடலை ஒட்டி அணியும் கம்பளி பனியனுக்கும் 400 டாலராவது ஒதுக்கி வையுங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே நடுங்க வைக்கும்.

துணியைவிட அளவுதான் முக்கியம் என்பேன். கடைக்கு அண்டர்சூட்டோடு போங்கள். சூட்டை அணிந்து முழுதாகக் குந்தி உட்காருங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிப் பாருங்கள். பிறகு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். தோள் இழுத்துப் பிடித்தால் அந்தச் சூட் எவ்வளவு மலிவானாலும் உங்களுக்கானது அன்று. காலணிப் பகுதி தளர்வாக இருப்பதும் ஆபத்து: காற்று பாதங்களுக்கு ஏறினால் பூட்ஸ் கழன்று, காலில் மாட்டிய நீச்சல் துடுப்பும் கூடவே போய்விடும்.

தண்ணீர் புகாதபடி கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பகுதியான ‘சீல்’ பற்றி என் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். புதிய லேட்டக்ஸ் சீல் கூம்பு வடிவில், வரிவரியாக வளையங்களோடு வரும். கழுத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு வளையமாக வெட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டுகிறதே என்ற அவசரத்தில் நான் இரண்டு வளையங்களை ஒரே வெட்டில் நறுக்கிவிட்டேன். அடுத்த டைவில், தலையைத் திருப்பும்போதெல்லாம் கழுத்து நரம்பின் ஓரமாக ஒரு குளிர்ந்த நூல் முதுகில் இறங்கியது. மேலே வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தேன். கத்தரிக்கோலைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். சூட்டில் உள்ள ஒரு வளையத்தில் சீல் பொருந்தும் அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது; கிழிந்தால் பசை இல்லாமல் படகிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

கொட்டியாரம் எழுதியது:

தம்பி, நான் திருகோணமலையில் சுழியோடிப் பழகி, ரொறன்ரோவுக்கு வந்து பல வருடங்களாக இந்த ஏரிகளில் இறங்குகிறவன். பாய்மரம் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. சாதாரண நியோபிரீன் வேறு, முன்கூட்டியே அழுத்தி மெலிதாக்கப்பட்ட நியோபிரீன் வேறு. இரண்டாவது வகை ஆழத்தில் அவ்வளவாக நசுங்காது, உடம்போடு இழைந்து நீந்த இலகுவாக இருக்கும், சற்றே நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைக் காக்கும். ஆனால் பாரமானது, காய்வதற்கு ஒரு நாள் எடுக்கும். ஒரே நாளில் இரண்டு முறை இறங்குவதென்றால் ஈரச் சட்டையை மறுபடியும் மாட்டுவதுபோல இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த 700 டாலர் சூட்டைப் பார்க்காமல் தள்ளிவிட வேண்டாம். மணிக்கட்டு சீல்களுக்குள் வெறும் போத்தல்களையும் கழுத்து சீலுக்குள் ஒரு பந்தையும் செருகி அடைத்து, மார்பு வால்வு வழியாகக் காற்றை நிரப்பி, சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவிப் பாருங்கள். தையலில் குமிழி வந்தால் ஒட்டலாம். சூட்டைத் திறந்து மூடும் சிப் (zip) ஓரமாக வந்தால் வாங்காமல் திரும்பி விடுங்கள். சிப் மாற்றுவதுதான் மிகப் பெரிய செலவு. பித்தளை சிப் என்றால் அதை மெதுவாக வளைத்து, பற்களுக்கு நடுவில் துணி வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சீல்களோ எப்படியும் சில வருடங்களில் இற்றுப்போகிறவைதான். அவற்றின் விலையை 700-ஓடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

ஏரிமீன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பழைய சூட்டைப் பார்த்து வந்தேன். சோப்பு நுரை போடும் நிலைக்கே போகவில்லை. கையை மேலே தூக்கியதும் தோள் பிடித்துக்கொண்டது, அதனால் வேண்டாமென்று திரும்பிவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி: தண்ணீருக்குள் மிதப்பைச் சரிசெய்யச் சூட்டுக்குக் காற்று கொடுப்பதா, பி.சி.டி.க்கா? மேலும், முதலில் பழகுவதற்கு டொபர்மோரியில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்னும் மூழ்கிய கப்பல் கிடக்கும் 6 மீட்டர் ஆழம் பாதுகாப்பானதாக இருக்குமா?

பாய்மரம் எழுதியது:

சில பயிற்சிகளில் சூட்டைக் கொண்டே மிதக்கக் கற்றுத்தருகிறார்கள். நான் சூட்டுக்கு, அழுத்தம் உடலைக் கிள்ளாத அளவுக்கு மட்டும் காற்று கொடுத்து, மற்றதை பி.சி.டி.யில் வைத்துக்கொள்கிறேன். சூட்டில் காற்று மிகுந்தால் அது உயரமான பக்கத்துக்கு ஓடும். கால்கள் மேலே போய்விட்டால், இடது தோளில் இருக்கும் வெளியேற்று வால்வுக்குக் காற்று எட்டாது. அப்போது முழங்காலை மடக்கி, உருண்டு, தலை மேலே வரும்படி திரும்ப வேண்டும். இதை நீச்சல் குளத்தில் பயிற்றுநரோடு பத்து முறையாவது செய்துவிடுங்கள்.

ஆழம் குறைவு என்பதால் எளிது என்று எண்ண வேண்டாம். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் காற்றின் கன அளவு இரு மடங்காகிறது. 30-லிருந்து 20-க்கு வரும்போது மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆகவே புதியவர் கட்டுப்பாட்டை இழப்பது பெரும்பாலும் கடைசிச் சில மீட்டர்களில்தான். மேலே ஏறத் தொடங்கும்முன் வெளியேற்று வால்வை முழுதாகத் திறந்து வைத்து, இடது முழங்கையைச் சற்றே உயர்த்திக்கொண்டு வாருங்கள்.

கொட்டியாரம் எழுதியது:

சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரையும் கவனியுங்கள், தம்பி. அந்தமானில் வாங்கியதென்றால், 10 பாகைக்குக் கீழான நீருக்கு ஏற்றதுதானா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிலிண்டரோடு இணையும் அதன் முதல் நிலை உறைந்து, காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கிவிடலாம். அதையும் உங்கள் 2,000-க்குள் சேர்க்க வேண்டியிருக்கலாம்.