சியோலில் இரண்டு சனிக்கிழமைதான் கிடைக்கும், அப்பாவுக்காக எதைப் பார்ப்பது?

காரிமங்கலம் செல்வி

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், ஜூன் கடைசியில் மூன்று வாரப் பயிற்சிக்கு சியோல் அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சேர்த்து எங்கேயோ சுற்றிக்காட்டக் கூட்டிப் போவார்களாம், நமக்கென்று மிஞ்சுவது இரண்டு சனிக்கிழமை.

கூட வரும் பிள்ளைகள் எல்லாம் பாட்டு, டான்ஸ், முகத்துக்குப் போடும் கிரீம் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கூத்து செட்டில் மிருதங்கம் வாசித்தவர், முட்டி வலி வந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். ஊருக்குப் போகிறேன் என்று சொன்னதும், "கட்டடம் கடைத்தெரு போட்டோ எல்லாம் வேணாம் பாப்பா, அங்க கூத்து எப்படிக் கட்றாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அதோடு விட்டாரா, தினமும் போன் பண்ணி விசாரித்தாயா என்று கேட்கிறார்.

தேடிப் பார்த்ததில் நாம்சான் மலைப்பக்கம் கொரிய தேசிய தியேட்டர் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பான்சோரி, சாங்குக் என்று இரண்டு பெயர் வருகிறது, இரண்டும் ஒன்றா வேறா என்றே புரியவில்லை. மொழி தெரியாமல் உட்கார முடியுமா? அப்பாவுக்காக வீடியோ எடுக்க விடுவார்களா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

நாம்சான் நடை

செல்வி, நான் கிருஷ்ணகிரிதான். நாலு வருடம் சியோலில் படித்தேன், அந்த மலைச்சரிவில் பாதி நாள் நடந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வித்தியாசம். பான்சோரி என்றால் மேடையில் இரண்டே பேர். ஒருவர் பாடுவார், கையில் ஒரு விசிறி. பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ஒருவர் 'புக்' என்ற மேளம் வாசிப்பார், நம் மேளம் போலப் பக்கவாட்டில் இரண்டு முகம். பாடுகிறவரே கதாநாயகி, மாமியார், அதிகாரி, ஊர் ஜனம் எல்லாம். பாட்டு, இடையில் வசனம், மறுபடி பாட்டு என்று போகும். அந்த விசிறி சில நேரம் கடிதம், சில நேரம் ஊன்றுகோல். முன்பு பன்னிரண்டு கதைகள் இருந்தன, இப்போது முழுதாக நிற்பவை ஐந்துதான். சுன்யாங் கதையை முழுக்கப் பாடினால் எட்டு மணி நேரம்கூட ஆகும்.

சாங்குக் என்பது அதே பாட்டு முறையை எடுத்து, ஆளுக்கொரு வேஷம் கொடுத்து, செட், விளக்கு, வாத்தியக் குழுவோடு நாடகமாகப் போடுவது. இதற்கென்றே தேசிய தியேட்டரில் 1962 முதல் ஒரு குழு இருக்கிறது. பழைய கதை மட்டுமில்லை, 2016இல் சிங்கப்பூர் இயக்குநர் ஓங் கெங் சென்னை வைத்து கிரேக்கத்து ட்ரோஜன் பெண்கள் கதையைப் பான்சோரி பாட்டிலேயே போட்டார்கள். போர் முடிந்தபின் பெண்கள் கதறுவதுதான் கதை, பாரதத்துப் பதினெட்டாம் போர்க் கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு அதற்கு உரை தேவையில்லை. சாங்குக்குக்கு மேலே திரையில் ஆங்கில வரிகள் ஓடும், அதனால் மொழிப் பயம் வேண்டாம்.

தியேட்டர் கதையும் சுவாரசியம். 1950 ஏப்ரலில் சியோலில் திறந்தார்கள், இரண்டு மாதம் முடிவதற்குள் கொரியப் போர் வந்துவிட்டது. தேகுவுக்கு ஓடி, 1957இல் சியோல் திரும்பி, 1973இல்தான் இந்த நாம்சான் இடத்துக்கு வந்தது. உள்ளே பெரிய அரங்கின் பெயர் சூரியன் எழுவது, நடுத்தர அரங்கு நிலா எழுவது, வட்டமாக இருப்பது வானம். மூன்றாம் எண் மெட்ரோவில் தோங்குக் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கி மேடேற வேண்டும், புது செருப்பு போட்டுப் போகாதீர்கள்.

ஒரு சிக்கல். அவர்களின் நிகழ்ச்சிப் பருவம் செப்டம்பர் வாக்கில் தொடங்கி ஜூனில் முடியும். முழுக்கதை பான்சோரியை ஒரே ஆள் பாடும் 'வான்சாங்' நிகழ்ச்சி 1984 முதல் அங்கே நடக்கிறது, அதுவும் அந்தப் பருவத்தில்தான். நீங்கள் போகும் ஜூலையில் 'யோவுராக்' என்ற விழா இருக்கும், 2010இல் தொடங்கியது. 'இங்கே நம் இசை இருக்கிறது' என்று அர்த்தம் வரும் வாக்கியத்தின் சுருக்கம். பழைய வாத்தியக்காரர்கள் ஜாஸ், ராக் ஆட்களோடு சேர்ந்து வாசிப்பார்கள். நன்றாகவே இருக்கும்.

வீடியோ நிகழ்ச்சியின்போது கூடாது. முடிந்து கைதட்டும்போது பெரும்பாலும் விடுவார்கள், வாசலில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்

நான் ஒருமுறை கம்பெனி ஆட்களோடு போயிருக்கிறேன். பொய் சொல்லமாட்டேன், முக்கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். ஒரே அம்மா, ஒரே மேளம், தொண்டை கிழிந்த மாதிரிக் குரல். பக்கத்தில் ஒரு பெரியவர் திடீரென்று கத்தினார், தூக்கிவாரிப் போட்டது. சண்டையோ என்று நினைத்தேன். காசு கொடுத்துப் போகிறீர்கள், யோசித்துப் போங்கள் தங்கச்சி.

பெண்ணாகரம் வாத்தியார்

தூங்கினதில் தப்பில்லை தம்பி, அர்ச்சுனன் தபசு பார்க்க வந்து அவன் மரம் ஏறும் முன்னாலேயே போர்வையைப் போர்த்துக்கொண்டு தூங்குகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. ஆனால் கதை தெரியாமல் போனதுதான் கோளாறு.

நான் கொரியா போனதில்லை, கேட்டது படித்ததுதான். அம்மா செல்வி, போவதற்கு முன் அந்த ஐந்தில் ஒன்றான சிம்சோங் கதையை மட்டுமாவது தெரிந்துகொண்டு போ. கண் தெரியாத அப்பன், தாயில்லாத மகள். கோயிலுக்கு 300 மூட்டை அரிசி காணிக்கை வைத்தால் பார்வை வரும் என்று ஒரு துறவி சொல்ல, அப்பன் வாய் தவறி ஒத்துக்கொள்வான். வீட்டில் ஒரு படி அரிசி கிடையாது. கடலுக்குப் பலி கொடுக்கப் பெண் தேடும் வியாபாரிகளிடம் மகள் தன்னையே விற்றுவிடுவாள். கப்பலில் இருந்து குதிப்பாள். கடல் ராஜா காப்பாற்றித் தாமரைப் பூவுக்குள் வைத்து மேலே அனுப்ப, அரசியாகி, நாட்டில் உள்ள பார்வையற்றவர்கள் எல்லோருக்கும் விருந்து வைப்பாள், அப்பன் வருவானா என்று பார்ப்பதற்காக. கடைசி ஆளாக வருவான். மகள் குரலைக் கேட்டுக் கண் திறக்கும் இடத்தில் அங்கே கிழவிகள் அழுவார்களாம். நம் படுகளத்தில் திரௌபதி கூந்தல் முடியும்போது பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்களே, அதை நினைத்துக்கொள்.

அப்புறம், யோவுராக் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நாம்சான் நடை கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்பா கேட்டது கூத்து எப்படிக் கட்டுகிறார்கள் என்று. கிடார் கலந்ததைப் பார்த்து வந்து அவரிடம் என்ன சொல்வாய்?

நாம்சான் நடை

கோபமெல்லாம் இல்லை வாத்தியாரே, சொன்னது நியாயம்தான். அப்படியானால் ஒரு சனிக்கிழமையை தேசிய குகாக் மையத்துக்கு ஒதுக்குங்கள், குகாக் என்றால் கொரிய மரபு இசை. அது தனி நிறுவனம், 1951இல் போர்க்காலத்தில் பூசானில் திறந்தது, இப்போது சியோலில் சோச்சோ பக்கம். அதே மூன்றாம் எண் மெட்ரோ, நாம்பு டெர்மினல் நிலையம். சனிக்கிழமை மதியம் அரண்மனை நடனம், பான்சோரியில் ஒரு பகுதி, தனி வாத்தியம் என்று கலந்து தருவார்கள். முதல்முறை பார்ப்பவருக்கு இதுதான் சரி. போகும் வாரத்தின் அட்டவணையை மட்டும் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள், ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. இன்னொரு சனிக்கிழமை யோவுராக், அது உங்களுக்காக. அப்பா கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஓசூர் அண்ணா, அந்தப் பெரியவர் கத்தினது சண்டை இல்லை. அதற்குப் பெயர் சுயிம்சே. பாட்டின் இடைவெளியில் "ஒல்சிகு", "ஜோத்தா" என்று கேட்கிறவர்கள் குரல் கொடுக்க வேண்டும், நாம் சபாஷ், பலே என்கிற மாதிரி. கொடுக்காவிட்டால் பாடுகிறவருக்கு உற்சாகம் இறங்கிவிடும். எங்கே வேண்டுமானாலும் கத்த முடியாது, வரி முடியும் இடம் பார்த்து விழ வேண்டும். நான் முதல் தடவை ஆர்வக்கோளாறில் வரியின் நடுவே கத்திவிட்டேன், முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேளம் வாசிப்பவர் மட்டும் சிரித்தார்.

அந்த மேளக்காரரைத்தான் செல்வி கவனிக்க வேண்டும். கோசு என்பார்கள். இடது கை உள்ளங்கையால் தோலில், வலது கையில் குச்சி. தோலில் அடிப்பதைவிட மரச்சட்டத்தின் மேல் டக் என்று ஒன்று வைப்பார் பாருங்கள், அழுகை உச்சத்துக்கு வரும்போது, அந்த ஒரு அடிக்குத்தான் பாடகர் காத்திருப்பார். பாடகர் மூச்சு வாங்க மெதுவாக்கினால் இவரும் மெதுவாவார், மறந்து தடுமாறினால் குரல் கொடுத்துச் சமாளிப்பார். தாளமும் ஒன்றில்லை, ஜின்யாங் என்ற மிக மெதுவான நடையில் தொடங்கி ஹ்விமோரி என்ற ஓட்டம் வரை போகும். கொரியாவில் ஒரு பழமொழி உண்டு: முதலில் மேளக்காரர், இரண்டாவதுதான் பாடகர்.

காரிமங்கலம் செல்வி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, அப்பாவுக்குப் போனில் நாம்சான் நடை எழுதினதை முழுக்கப் படித்துக் காட்டினேன். சிம்சோங் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, செருமினார். பழமொழி வந்ததும் "திரும்பிப் படி" என்றார். படித்தேன். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னார். வேஷக்காரர்களுக்குத் தனக்கு முன்னால் டீ கொடுத்த கதை முப்பது வருடமாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, அது நேற்று மறுபடி ஒரு சுற்று ஓடியது.

குகாக் மையத்துக்கு முதல் சனிக்கிழமை டிக்கெட் போட்டுவிட்டேன், மேளக்காரர் கை தெரிகிற மாதிரி முன் வரிசை. இரண்டாவதுக்கு யோவுராக். அப்பாவின் கேள்வி ஒன்று பாக்கி: அந்தக் குச்சி என்ன மரம், தோல் எந்த மாட்டுத் தோல்? அப்புறம் நாம்சான் நடை, அந்த "ஒல்சிகு"வை எப்படி இழுத்துச் சொல்ல வேண்டும் என்று முடிந்தால் ஒரு குரல் பதிவு போடுங்கள், போவதற்குள் வீட்டில் பழகிக்கொள்கிறேன்.