கிராஸ்ஓவருக்குத் தமிழ்ச்சொல்: குறுக்கேற்றமா, கதைச்சந்தியா?

அனைவருக்கும் வணக்கம். வெவ்வேறு காமிக்ஸ் தொடர்களின் நாயகர்கள் ஒரே கதையில் சந்திப்பதைக் கிராஸ்ஓவர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> உயிரியல் பாடநூலில் குறுக்கேற்றம் என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. காமிக்ஸுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ள முடியாது என்றுதான் நினைக்கிறேன். மரபியலில் இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, மாற்றிக்கொண்டதை யாரும் திருப்பித் தருவதில்லை. காமிக்ஸில் நடப்பது நேர் எதிர். டிசி, மார்வல் இரண்டும் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனங்கள். டிசியின் ஜஸ்டிஸ் லீக், மார்வலின் அவெஞ்சர்ஸ் என்ற இரண்டு நாயகர் குழுக்களும் சந்தித்த நான்கு இதழ்த் தொடரை (2003-04) எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இதழில் அவெஞ்சர்ஸ் குழுவின் கேப்டன் அமெரிக்காவுடைய கேடயமும் தோரின் சுத்தியலும் ஜஸ்டிஸ் லீக்கின் சூப்பர்மேன் கைக்கு வருகின்றன. சண்டை முடிந்ததும் சுத்தியலை இன்னொரு முறை தூக்கிப் பார்க்கிறார், அசையவில்லை. இரவல் வாங்கியது இரவலாகவே திரும்பிப் போகிறது. இதைக் குறுக்கேற்றம் என்றால் உயிரியல் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.

> அப்படியானால் கதைக்கலப்பு?

பாலில் தண்ணீர் கலந்தால் பிரிக்க முடியாது. கலப்பு என்ற சொல்லில் கலப்படத்தின் வாசனையும் கொஞ்சம் உண்டு. கூடல் அழகான சொல், ஆனால் ஊடலும் கூடவே ஞாபகம் வந்துவிடும். இரண்டு குழுக்கள் முதலில் அடித்துக்கொண்டு அப்புறம் சேர்வதுதான் இந்தக் கதைகளின் வாடிக்கை என்பதால் ஒருவகையில் பொருந்தும்தான்! ஆனாலும் கலைச்சொல்லுக்கு வேண்டாம்.

என் பரிந்துரை கதைச்சந்தி. சந்தி என்றால் தெருக்கள் கூடுமிடம். நான்கு திசையிலிருந்து வருகிறவர்கள் நின்று பேசிவிட்டு அவரவர் வழியில் போகலாம். சந்தி என்பதற்கு இலக்கணத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது: இரண்டு சொற்கள் சேரும் புணர்ச்சி. எனக்கு அதுதான் முக்கியம். பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆனால் இயல்பு, எதுவும் மாறவில்லை. பொன்னும் குடமும் பொற்குடம் ஆனால் திரிதல், ஓர் எழுத்து வேறாகிறது. மரமும் வேரும் மரவேர் ஆனால் கெடுதல், ஓர் எழுத்து மறைகிறது. கிராஸ்ஓவர்களும் இப்படித்தான் பிரிகின்றன.

டிசி 1985-86இல் வெளியிட்ட பன்னிரண்டு இதழ்த் தொடரில் எல்லா உலகங்களும் ஒன்றோடொன்று முட்டின. சூப்பர்கேர்ள் இறந்தாள், ஃபிளாஷ் இறந்தார். பாத்திரங்கள் எல்லாம் ஒரே முதலாளியின் சொத்து. அதனால் கெடுதல் நடக்கலாம், கேட்க ஆளில்லை. இதை அகச்சந்தி என்போம். இரண்டு நிறுவனங்கள் சந்தித்தால் அது புறச்சந்தி. அங்கே பெரும்பாலும் இயல்புப் புணர்ச்சிதான், அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைக் கொல்ல எந்தப் பதிப்பாசிரியருக்கும் உரிமை இல்லை. புறச்சந்தியில் திரிதல் நடந்தது 1996இல். அப்போது டிசியின் பேட்மேனையும் மார்வலின் வுல்வரினையும் ஒட்டி டார்க் கிளா என்று ஒருவனைச் செய்தார்கள். சொந்தக்காரர் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டதால்தான் அது முடிந்தது.

யார் நிலைமொழி (முன்னால் நிற்கும் சொல்), யார் வருமொழி (பின்னால் வரும் சொல்) என்ற சண்டையும் உண்டு. மேலே சொன்ன 2003 தொடரில் முதல், மூன்றாம் இதழ்களில் ஜஸ்டிஸ் லீக் பெயர் முன்னால் வரும். இரண்டிலும் நான்கிலும் அவெஞ்சர்ஸ் முன்னால். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்ற அதே சிக்கல்தான்.

> இது வெறும் வணிக ஏற்பாடு. படைப்புக் கூட்டுழைப்பு என்றெல்லாம் ஏன் பெரிதாக்க வேண்டும்?

இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. டிசியின் சூப்பர்மேனும் மார்வலின் ஸ்பைடர்மேனும் முதன்முதலாக ஒரே இதழில் சந்தித்தது 1976இல். கதை ஜெர்ரி கான்வே, ஓவியம் ராஸ் ஆண்ட்ரு, அதன்மேல் மை தீட்டியவர் டிக் ஜியார்டானோ. அது போதாதென்று சூப்பர்மேன் உருவங்கள் சிலவற்றை நீல் ஆடம்ஸும் பீட்டர் பார்க்கரின் (முகமூடி இல்லாத ஸ்பைடர்மேன்) முகங்களை ஜான் ரொமிட்டாவும் திருத்தி வரைந்தார்கள். முகம் அந்தந்த வீட்டு முகமாகவே தெரிய வேண்டுமே! ஒரே பக்கத்தில் இத்தனை கை. எந்தக் கோடு யாருடையது என்று பிரித்துப் பார்க்க நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், பாதிகூடத் தேறவில்லை.

ஜஸ்டிஸ் லீக், அவெஞ்சர்ஸ் சந்திப்பே 1983இல் வந்திருக்க வேண்டியது. ஜார்ஜ் பெரெஸ் இருபது பக்கம் போல வரைந்தும்விட்டார். கதைச்சுருக்கத்தில் இரு அலுவலகங்களும் ஒத்துப்போகாததால் நின்றுபோனது. இருபது ஆண்டு கழித்து கர்ட் பியூசிக் கதை எழுத, அதே பெரெஸ் பென்சிலும் மையும் தானே பிடித்து முடித்தார். மூன்றாம் இதழின் அட்டையில் மட்டும் இரு குழுவின் பழைய, புதிய உறுப்பினர்கள் இருநூறு பேருக்கு மேல் நிற்கிறார்கள். இதில் வணிகம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முகத்தையும் உட்கார்ந்து வரைந்தது ஒரு மனிதரின் கை.

கதைச்சந்திக்கு ஒரு குறை உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். வழக்கில் சந்தி சிரிக்கவும் செய்யும். மோசமான கிராஸ்ஓவர்கள் வரும்போது அதுவும் பயன்படும் என்று விட்டுவிட்டேன். சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: 'இது இரண்டு பதிப்பகங்களின் புறச்சந்தி', 'அடுத்த கோடையில் ஒரு கதைச்சந்தி வருகிறது'. நாக்கில் இடறவில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இங்கர் (பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டுபவர்) என்பதற்கு மையர், மைதீட்டுநர் என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அதைத் தனி இழையில் பேசலாம், இதில் சேர்த்தால் இரண்டும் குழம்பிவிடும்.

அன்புடன்.