மீட்டரைப் படம் எடுத்தீர்களா, சித்தி?

குடும்பம் (14 பேர்)

திங்கள்

சித்தி, மாலை 6:12
வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். இங்கே மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றனவே, அதில் வேறொன்றுக்கு மாறிக்கொண்டால் யூனிட் விலை குறையும் என்கிறார். பழைய பில்லைக் காட்டச் சொல்கிறார். காட்டலாமா?

அக்கா, 6:12
வேண்டாம் சித்தி.

நான், 6:13
காட்டாதீர்கள்.

தம்பி, 6:13
அம்மா, கதவைச் சாத்துங்கள்.

சித்தி, 6:20
நீங்கள் மூன்று பேரும் பதறியதில் நானும் பதறி, வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், நல்ல பையன். குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

அக்கா, 6:24
தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். பில்லைக் கொடுக்காதீர்கள். அதில் கணக்கு எண்ணும் மீட்டரின் அடையாள எண்ணும் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு, நீங்கள் சம்மதம் சொல்லாமலேயே உங்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடுகிற முகவர்கள் இருக்கிறார்கள். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவர்களுக்குத் தரகு.

பெரியப்பா, 6:40
🎤 குரல் பதிவு 4:37

நான், 6:41
பெரியப்பா, பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறேன். எழுதி அனுப்புங்களேன்.

பெரியப்பா, 6:58
சுருக்கம் இதுதான். மாற்றுவதென்றால் இருக்கிற கம்பியை அறுத்துவிட்டு வேறு கம்பி இழுப்பார்கள். இரண்டு நாள் இருட்டில் உட்கார வேண்டும். எதற்கு இந்த வம்பு?

தம்பி, 7:03
கம்பியை யாரும் தொட மாட்டார்கள் பெரியப்பா. கம்பி, மின்மாற்றி எல்லாம் அவற்றைப் பராமரிக்கும் வலையமைப்பு நிறுவனத்தின் பொறுப்பு. அது அப்படியேதான் இருக்கும். மாறுவது பில்லின் தலைப்பில் இருக்கும் பெயரும், விலையும், புகார் சொல்லக் கூப்பிடும் எண்ணும்தான். மின்சாரம் போனால்கூட வரப்போவது அதே ஊழியர்கள்தான்.

பெரியப்பா, 7:05
அப்படியென்றால் புது நிறுவனத்தின் மின்சாரம் இவள் வீட்டை எப்படி அடையாளம் கண்டுபிடித்து வரும்?

அக்கா, 7:11
வராது. ஓர் ஏரியில் பத்து வாய்க்கால் விழுகின்றன. நீங்கள் ஒரு குடம் மொள்கிறீர்கள். அது எந்த வாய்க்கால் தண்ணீர் என்று யாரால் சொல்ல முடியும்? உங்கள் நிறுவனம் நீங்கள் மொண்ட அளவுக்குத் தன் கணக்கில் ஏரியில் விட வேண்டும், அவ்வளவுதான். காற்றாலை மின்சாரம் என்று விற்கிறார்களே, அதுவும் இப்படித்தான்.

பெரியப்பா, 7:12
ம்.

(பெரியப்பா ‘ம்’ என்றால் பாதி ஒப்புக்கொண்டார் என்று பொருள்.)

செவ்வாய்

சித்தி, காலை 9:30
📷 படம்

நான், 9:31
சித்தி! கணக்கு எண் பளிச்சென்று தெரிகிறது. இந்தக் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேரை யார் சேர்த்தார்கள் என்றே தெரியவில்லை.

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி, 9:44
📷 படம்
எண்களின் மேல் கட்டைவிரலை வைத்து எடுத்திருக்கிறேன். போதுமா?

அக்கா, 9:52
அருமை. இது ஒரு மாதத்து பில். ஓராண்டில் எத்தனை யூனிட் செலவானது என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கும், பாருங்கள். குளிரோ வெயிலோ உச்சத்தில் இருக்கும் ஒரு மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் தவறிவிடும்.

சித்தி, 10:15
8,030.

அக்கா, 10:16
365 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 22 யூனிட். நீங்களும் சித்தப்பாவும் இரண்டு பேர்தானே?

தம்பி, 10:17
அப்பாவின் குளிர்சாதனம் மூன்றாவது ஆள்.

சித்தி, 10:20
நேற்று வந்த பையன் காட்டிய தாளில் யூனிட் விலை இப்போது இருப்பதைவிடக் குறைவுதான். என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா, 10:41
நிலைக்கட்டணத்தைப் பார்த்தீர்களா? ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் நாள்தோறும் விழும் கட்டணம். நாம் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் எந்தக் காசும் வேண்டாம், வெறும் எண்ணாகச் சொல்கிறேன். முதல் திட்டத்தில் நாளுக்கு நிலைக்கட்டணம் 10, யூனிட் 6. இரண்டாவதில் நிலைக்கட்டணம் 25, யூனிட் 5. விளம்பரத்தில் இந்த 5 மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். 22 யூனிட் எரிக்கும் சித்தி வீட்டுக்கு முதலாவது 142, இரண்டாவது 135. சித்திக்கு இரண்டாவது லாபம்.

அத்தை, 10:50
நான் தனியாள். நாளுக்கு நான்கு யூனிட் ஆனாலே அதிகம். எனக்கு?

அக்கா, 10:52
முதலாவது 34, இரண்டாவது 45. ‘மலிவு’த் திட்டத்துக்கு மாறினால் தினமும் 11 கூடுதலாகக் கொடுப்பீர்கள் அத்தை.

அத்தை, 10:53
அடக் கடவுளே. போன மாதம் ஒருத்தி தொலைபேசியில் இதைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தாள்.

அக்கா, 10:55
இந்த இரண்டு திட்டத்துக்கும் பதினைந்து யூனிட்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே எரிப்பவருக்கு முதலாவது, மேலே எரிப்பவருக்கு இரண்டாவது.

மாமா, பகல் 1:05
சந்தை விலையோடு ஏறி இறங்கும் திட்டம் ஒன்று இருக்கிறதாம். என் அலுவலகத்தில் ஒருவர் அதில் பாதிக்குப் பாதி மிச்சம் பிடிக்கிறார்.

தம்பி, 1:20
நல்ல நாளில் மிச்சம்தான் மாமா. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் குளிர் அடித்தது. மின்நிலையங்கள் உறைந்து நின்றன. மொத்த விற்பனைச் சந்தையில் விலை யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டது. அந்த விலையோடு நேரடியாகக் கட்டப்பட்ட திட்டத்தில் இருந்த வீடுகளுக்குச் சில நாள்களுக்கே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அடிக்கடி விலையைப் பார்த்து, அது ஏறும்போது அடுப்பையும் குளிர்சாதனத்தையும் நிறுத்தி வைக்கத் தெம்பு இருப்பவருக்கு அது சரி. அப்பாவுக்குச் சரிவராது.

சித்தப்பா, 1:21
எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சித்தி, 1:30
விலையை ஓராண்டுக்கு நிலையாகக் கட்டி வைக்கும் திட்டமே எடுக்கிறேன். ஆனால் புது நிறுவனம் இழுத்து மூடிவிட்டால்?

தம்பி, 1:38
மின்சாரம் நிற்காது. ஒழுங்குமுறை ஆணையம் உங்களை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும். 2021 இல் பிரிட்டனில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அடுத்தடுத்து விழுந்தன. அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் அவற்றின் வாடிக்கையாளர்களை மற்ற நிறுவனங்களுக்கு மாற்றியது. யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. ஆனால் நிலையான விலை பறிபோகும், புது விலைதான். அதோடு, முன்பணம் பெரிதாகக் கேட்கிற நிறுவனத்திடம் கவனமாக இருங்கள்.

அக்கா, 1:45
கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்வி. இடையில் விலகினால் அபராதம் உண்டா? பழைய நிறுவனத்துக்கு அபராதம் உண்டா? எத்தனை நாளுக்குள் மனம் மாறி ரத்து செய்யலாம்? ஓராண்டு முடிந்த மறுநாள் என்ன விலை? கடைசிக் கேள்விக்குத்தான் அந்தப் பையன் தண்ணீர் கேட்பான்.

வியாழன்

சித்தி, இரவு 8:10
வந்தான். கேட்டேன். முதல் மூன்றுக்கும் தடங்கல் இல்லாமல் சொன்னான். நான்காவதற்கு ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம் அம்மா’ என்றான். அவனை அனுப்பிவிட்டு, ஆணையத்தின் ஒப்பீட்டுப் பக்கத்தில் நானே தேடி வேறொரு நிறுவனத்தில் பதிவு செய்துவிட்டேன். பழைய நிறுவனத்துக்குப் புதியவர்களே தெரிவித்துவிடுவார்களாம். பத்து நாளில் மாறும்.

பெரியப்பா, 8:15
பத்து நாள் எதற்கு? கம்பிதான் மாறவில்லையே.

தம்பி, 8:19
காகித வேலைதான். ஊருக்கு ஊர் வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகபட்சம் மூன்று வாரம் என்று சட்டமே இருக்கிறது.

நான், 8:31
சித்தி, ஒன்றே ஒன்று. மாறுகிற அன்று காலையில் மீட்டரைப் படம் எடுத்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் எடுக்கவில்லை. பழையவர்கள் உத்தேசமாக ஒரு ரீடிங் போட்டார்கள், புதியவர்கள் வேறொன்று போட்டார்கள். நடுவில் இருந்த யூனிட்டுக்கு இரண்டு பேருக்கும் பணம் கட்டினேன். திரும்ப வாங்க நான்கு மாதம் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதங்களின் தமிழ் நடையை இன்று படித்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள்

நான், காலை 7:02
மீட்டரைப் படம் எடுத்தீர்களா, சித்தி?

சித்தி, 7:25
📷 படம்
சித்தப்பா ஸ்டூலில் ஏறி எடுத்தார்.

அக்கா, 7:27
மூன்றாவது எண் 3 ஆ, 8 ஆ? கண்ணாடி முழுக்க ஒட்டடை. 500 யூனிட் வித்தியாசம் சித்தி!

சித்தப்பா, 7:40
📷 படம்
துடைத்துவிட்டு எடுத்திருக்கிறேன். 483167.

நான், 7:41
கடைசி 7 சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கிறது சித்தப்பா. அது பத்தில் ஒரு பங்கு. சேர்க்கக் கூடாது. 48,316.

சித்தப்பா, 7:42
நல்லவேளை. புதியவர்களுக்கு ஆறு எண்ணையும் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து

சித்தி, பகல் 11:18
பழைய நிறுவனத்தின் கடைசி பில் வந்துவிட்டது. முடிவு ரீடிங் 48,702. பக்கத்தில் சின்னதாக ‘உ’ என்று போட்டிருக்கிறது.

நான், 11:19
உ என்றால் உத்தேசம்!

அக்கா, 11:22
386 யூனிட் கூடுதல். உங்கள் வீட்டின் பதினேழு நாள் மின்சாரம். புதியவர்கள் 48,316 இலிருந்து கணக்கைத் தொடங்கியிருப்பதால் அதே யூனிட்டை இன்னொரு முறை அவர்களும் வாங்குவார்கள்.

சித்தப்பா, 11:30
படத்தை அனுப்பிவிட்டேன். தேதியும் நேரமும் படத்திலேயே இருக்கின்றன. ஒட்டடைப் படத்தையும் சேர்த்தே அனுப்பினேன், அவர்களும் பார்க்கட்டும்.

வெள்ளி

சித்தி, மாலை 5:05
திருத்திய பில் வந்துவிட்டது! மாதத் தவணையில் நாங்கள் அதிகமாகக் கட்டி வைத்திருந்த தொகையும் திரும்ப வருகிறதாம்.

அத்தை, 5:09
நான் மாறப் போவதில்லை. அன்று போட்ட கணக்குப்படி என் பழைய திட்டமே எனக்கு மலிவு. ஆனால் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டேன். வருகிற மார்ச்சாம். அதன் பிறகு விலை ஏறுமாம். இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

அக்கா, 5:12
சித்தியுடையது அடுத்த செப்டம்பர். ஒரு மாதம் முன்னாலேயே யாராவது நினைவுபடுத்த வேண்டும். யார் குறித்து வைக்கிறீர்கள்?

பெரியப்பா, 5:31
அடுத்த ஆண்டு நாட்குறிப்பு இன்னும் வாங்கவில்லை. இந்த ஆண்டினுடையதன் கடைசிப் பக்கத்தில் ஆகஸ்ட் என்று எழுதி வைத்துவிட்டேன்.

அத்தை, 5:32
அண்ணா, என்னுடையதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரி.

பெரியப்பா, 5:33
எழுதிவிட்டேன். என் பில்லில் இந்த இரண்டாம் பக்கம் எங்கே இருக்கிறது?