புதுப்பிப்பு: ரேடியேட்டர் மூடியை மாற்றிய பிறகு

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறும்போதெல்லாம் என் காரின் வெப்பமானி முள் உயர்ந்து, ரேடியேட்டரில் மிஞ்சும் நீர் சேரும் ரிசர்வ் டேங்க் வழிகிறதே, 0.9 பார் அழுத்தம் வரை தாங்கும் ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக 1.1 பார் மூடி போடலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். போடவில்லை. அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்பது உண்மைதான், 0.9 பாரிலேயே வெறும் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஆனால், கூடுதல் அழுத்தத்தை என் காரின் பழைய ஹோஸ்களும் அல்லவா தாங்க வேண்டும்?

ஒரு நாள் காலை, எஞ்சின் நன்கு ஆறியிருந்தபோது பானெட்டைத் திறந்தால், மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன்: அழுத்தம் கசியாமல் காக்கும் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது, டேங்க் நீரைத் திரும்ப உள்ளே இழுக்க வழிவிடும் நடு வால்வு, வெள்ளை உப்புப் படிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு நான் ஊற்றிய உவர்க் கிணற்று நீரின் கைங்கரியம்!

பழைய மூடியைக் கையோடு கொண்டுபோய், அதே 0.9 பார் அழுத்தமும் அதே ஆழமும் உள்ள மூடியை வாங்கினேன். ஆழம் குறைந்தால் ஸ்பிரிங் சரியாக அமுங்காது, மேலே எழுதியிருக்கும் எண்ணால் பயனில்லை. உள்ளே அலசி, காய்ச்சி வடித்த நீர் கலந்த கூலண்ட் நிரப்பியபின் மூன்று முறை இராமேசுவரம் சென்று வந்துவிட்டேன். முள் நடுவைத் தாண்டவில்லை.