சாவிப் படம் மினுக்குகிறது, பேட்டரியும் இறங்குகிறது: சாவியை நானே புரோகிராம் செய்யலாமா?

உடுமலை_டீசல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக், இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் எடுத்தது. எடுக்கும்போதே ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். இன்னொன்று வீட்டில் எங்கேயோ கிடக்கிறது, தேடித் தருகிறேன் என்றவர் இன்றுவரை தேடிக்கொண்டே இருக்கிறார்.

பிரச்சினை இரண்டு. தினமும் ஓட்டினால் வண்டி சமாளிக்கிறது, மூன்று நாள் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் டிக் டிக் என்று சொல்வதோடு சரி, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். பேட்டரி மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது, 60 ஆம்பியர் ஹவர். அப்புறம், வாரத்தில் ஒன்றிரண்டு முறை மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கும். அந்த நேரத்தில் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது, பிடித்தாலும் இரண்டு விநாடியில் அணைந்துவிடும். சாவியை வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்து, சாமி பேரைச் சொல்லி மறுபடி போட்டால் சில சமயம் எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 28,000 ஆகும் என்றார். மல்டிமீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை, போனட்டைத் திறந்தார், மூடினார், தொகையைச் சொன்னார். இன்னொருவர் சாவிக்குள் இருக்கும் சிப் வீக் என்கிறார். ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு கருவி பார்த்தேன், எல்லா காருக்கும் சாவி புரோகிராம் செய்யலாம் என்று போட்டிருக்கிறது. அதை வாங்கி நானே புதுச் சாவி போட்டுக்கொள்ளலாமா? மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் தெரியும், கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் வேலையெல்லாம் நானேதான் பார்க்கிறேன்.


பழைய_ஒயர்மேன் (மதுரை):

தம்பி, 1,800-ஐ பையிலேயே வையுங்கள். முதலில் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம், சாவிக்கு அப்புறம் வரலாம். சாவி விளக்குகூட வோல்ட் இல்லாததால் வரலாம். செல்ஃப் இழுக்கும்போது வோல்ட் ரொம்பக் கீழே போனால் சாவியைப் படிக்கிற யூனிட்டும் ஈசிஎம்மும் தடுமாறும், அதைப் பார்த்துவிட்டு ஈசிஎம் போச்சு என்று சொல்கிற ஆட்கள் என் காலத்திலிருந்தே இருக்கிறார்கள்.

ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து வீட்டில் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு அதே இடத்தில் பாருங்கள், 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் வந்தால் ஆல்டர்னேட்டர் மேல் பழி இல்லை. இதையும் விட்டுவிடாதீர்கள்: மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைப்பது) அழுக்காகவோ துருவாகவோ இருக்கிறது. கழற்றி எமரி தாளால் தேய்த்து இறுக்கினால் போதும், செலவு பத்து ரூபாய்.

இனி கசிவு. நிறுத்திய வண்டி 50 மில்லி ஆம்பியர் வரை குடிப்பது சகஜம், கடிகாரம், அலாரம் எல்லாம் அதில்தான் உயிரோடு இருக்கிறது. 50 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், உங்கள் பேட்டரி ஒரு மாதம் தாங்கும். மூன்று நாளில் படுக்கிறது என்றால் அரை ஆம்பியருக்கு மேல் எங்கேயோ போகிறது.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் போட்டுப் பாருங்கள். கதவைத் திறந்துவைத்து, கதவுப் பூட்டின் லாட்சை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டால் வண்டி கதவு சாத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். மீட்டரை இணைத்த உடனே 2, 3 ஆம்பியர் காட்டும், பதற வேண்டாம், உள்ளே இருக்கும் யூனிட்டுகள் எல்லாம் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். போய் டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், ஒன்றைத் திரும்பச் செருகினாலே தூங்கின யூனிட் எழுந்துவிடும், கணக்கு கெட்டுவிடும். ஃபியூஸ் தலையில் இரண்டு புள்ளி உலோகம் தெரியும் இல்லையா, மில்லிவோல்ட்டில் வைத்து அதில் தொடுங்கள். சுழி காட்டினால் அந்த வழியில் எதுவும் போகவில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் காட்டினால் ஏறக்குறைய 130 மில்லி ஆம்பியர் அதில் ஓடுகிறது. எல்லா ஃபியூஸும் சுழி, ஆனாலும் கசிவு இருக்கிறது என்றால் ஃபியூஸ் பெட்டிக்கே வராமல் நேராக பேட்டரியில் கொக்கி போட்ட ஒயர் எதுவோ இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் அது சாதாரணம்.


நொந்த_மாப்பிள்ளை:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன், மச்சான் "ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்குறேன் மாமா" என்று திருப்பிவிட்டான். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், என் மீட்டர் பத்துக்குத்தான். உள்ளே ஃபியூஸ் போனதோடு தப்பித்தது, ஆனால் அந்த ஃபியூஸ் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். அப்புறம் ஓபிடி சாக்கெட்டில் (பிழை படிக்கும் கருவியைச் செருகுகிற இடம்) புளூடூத் டாங்கிள் ஏதாவது செருகிவைத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள், அதில் 16-ம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வரும், சாவியை எடுத்தாலும் டாங்கிள் விழித்துக்கொண்டே இருக்கும்.


சாவிக்கடை_கோவை:

சார், பதினொரு வருஷமாக இதுதான் தொழில், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் சாவியில் மூன்று தனித்தனி சமாச்சாரம் இருக்கிறது, எல்லோரும் அதை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பூட்டைத் திருப்பும் பிளேடு ஒன்று. கதவைத் திறக்கும் ரிமோட் இன்னொன்று, நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், அதற்குத்தான் உள்ளே பட்டன் பேட்டரி. மூன்றாவது டிரான்ஸ்பாண்டர் சிப், இன்ஜினை ஓட விடுவதும் விடாததும் இதுதான். இதற்கு பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் (கம்பிச் சுருள்) வளையம் இருக்கும், அது 125 கிலோஹெர்ட்ஸில் அலை அனுப்பும், சிப் அந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். ஐரோப்பாவில் 1998-லிருந்து புதுக் கார்களுக்கு இந்த இம்மொபிலைசர் கட்டாயம், நம் வண்டிகளில் இருப்பதும் அதே வகைதான். ஆக, ரிமோட் பேட்டரியை மாற்றினால் சாவிப் படம் போய்விடும் என்று யாராவது சொன்னால், உங்கள் மாதிரி வண்டிக்கு அது பொருந்தாது.

சிப் வீக் ஆகும் என்பதை நான் நம்புவதில்லை. கீழே விழுந்து விரிசல் விட்டால் ஒரேயடியாகப் போகும், வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்து இரண்டு நாள் லீவு போடாது. விட்டு விட்டு வருகிறது என்றால் காயிலையும் அதன் கனெக்டரையும் சந்தேகப்படுங்கள். சாவிக்கொத்தில் வேறு வண்டிச் சாவி சேர்ந்து தொங்கினாலும் இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பும், முதலில் கொத்தைப் பிரித்து ஒற்றைச் சாவியாக நாலு நாள் ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் அடியில் கவரைக் கழற்றுவதாக இருந்தால் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் பொறுத்துக் கையை வையுங்கள், மஞ்சள் கனெக்டர் எதையும் தொட வேண்டாம், அது ஏர்பேக்.

அந்த 1,800 ரூபாய் கருவி பிழைக் குறியீடு படிக்கும், அழிக்கும். சாவி போடாது. சாவியை ஏற்ற வண்டிக்குரிய பின் நம்பர் (ரகசிய எண்) வேண்டும், அந்த மாடலை ஆதரிக்கிற புரோகிராமர் கருவி வேண்டும், சிப் வகையும் பொருந்த வேண்டும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: பல வண்டிகளில் புதுச் சாவி ஏற்றும்போது பழைய பதிவு முழுவதும் அழிந்துவிடும், இருக்கிற சாவி எல்லாவற்றையும் அதே உட்காரலில் திரும்ப ஏற்ற வேண்டும். பாதியில் வோல்ட் இறங்கினால் ஒற்றைச் சாவியும் செல்லாமல் போய் வண்டி மரம் மாதிரி நிற்கும். நான் சார்ஜரை மாட்டாமல் புரோகிராமரைச் செருகவே மாட்டேன். ஒரு சாவி உயிரோடு இருக்கும்போதே இரண்டாவது போட்டுவிடுங்கள், எல்லாம் தொலைந்த பிறகு வந்தால் செலவு பல மடங்கு. யாரிடம் போனாலும் ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையும் கேட்கிறாரா என்று பாருங்கள், கேட்காதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.


உடுமலை_டீசல் (ஒன்பது நாள் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும், தேங்காய் வெட்டு நடந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

காலையில் 12.1, செல்ஃப் அடிக்கும்போது 8.9. நெகட்டிவ் கம்பத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் 0.7 வோல்ட்! எர்த் பட்டையைக் கழற்றினேன், போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு தோட்டமே இருந்தது. தேய்த்து, வாஷர் மாற்றி, இறுக்கிய பிறகு 0.1. செல்ஃப் சத்தமே மாறிவிட்டது.

கசிவு பார்த்தேன், முக்கால் மணி நேரம் கழித்தும் 650 மில்லி ஆம்பியர். ஃபியூஸ் ஒவ்வொன்றாக மில்லிவோல்ட்டில் தொட்டேன், எல்லாமே சுழி. அண்ணன் கடைசியில் எழுதியது ஞாபகம் வந்து பேட்டரி பாசிட்டிவைப் பார்த்தால் சுண்டுவிரல் தடிமனில் ஒரு சிவப்பு ஒயர், நடுவில் தனி ஃபியூஸ், தரைவிரிப்புக்கு அடியில் புகுந்து டிரைவர் சீட்டுக்குக் கீழே போகிறது. அங்கே ஆம்ப்ளிஃபையர். இரண்டு வருடமாக அதன் மேல்தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதே தெரியாது! ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் அதைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பழைய ஓனர் மாட்டியபோது ஆம்பை எழுப்புகிற ஒயரை மியூசிக் செட்டின் நீல ஒயரில் கொடுக்காமல், எப்போதும் கரண்ட் வருகிற மஞ்சளில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். செட் அணைந்தாலும் ஆம்ப் தூங்கவே இல்லை. பிரித்து நீலத்தில் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். இப்போது 30 மில்லி.

சாவி விளக்கு அதற்குப் பிறகு ஐந்து நாள் வரவில்லை, ஆறாம் நாள் மதியம் வெயிலில் நின்ற வண்டியில் மறுபடி மினுக்கியது. கவரைக் கழற்றினேன் (மஞ்சளைத் தொடவில்லை, பயம்தான்). காயில் கனெக்டர் பாதி வெளியே நின்றது, அலாரம் மாட்டியவர் கை பட்டிருக்கும். பூட்டுத் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால் அழுத்திச் செருகி பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டினேன். இன்றுவரை பிரச்சினை இல்லை, 28,000 ரூபாயும் வீட்டிலேயே இருக்கிறது.


பழைய_ஒயர்மேன் (மதுரை):

நல்ல வேலை தம்பி. டேக் வெயிலில் வெடிக்கும், அந்தக் கனெக்டர் பழைய பார்ட்ஸ் கடையில் ஒயரோடு கிடைக்கும், ஞாபகமாக மாற்றிவிடுங்கள். பேட்டரி இத்தனை முறை அடிவரை இறங்கியிருக்கிறது, ஒரு ராத்திரி மெதுவாக முழு சார்ஜ் ஏற்றிவிட்டு லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்து பாருங்கள். புதுசு என்றாலும் பாதி ஆயுளை இழந்திருக்கலாம்.


உடுமலை_டீசல்:

சரி அண்ணா, இந்த ஞாயிறே ஏற்றிவிடுகிறேன். நேற்று ஒருவரிடம் 4,500-க்கு இரண்டாவது சாவியும் போட்டாயிற்று, ஆர்.சி. கேட்டார், சார்ஜரும் மாட்டினார். கருவியைச் செருகியதும் திரையைக் காட்டி, வண்டியில் மொத்தம் மூன்று சாவி பதிவாகியிருக்கிறதே சார், உங்களிடம் எத்தனை இருக்கிறது என்றார். என்னிடம் ஒன்றுதானே! பழைய ஓனர் தேடிக்கொண்டிருக்கும் சாவி ஒன்று, மூன்றாவது யாரிடம் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது, போன் செய்து கேட்டேன். மூன்றையும் அழித்துவிட்டு, என் பழையதையும் புதியதையும் மட்டும் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

சாவிக்கடைக்காரரே, இன்னொரு கேள்வி: அழித்த சாவியின் பிளேடு கதவை இன்னும் திறக்கும்தானே?


சாவிக்கடை_கோவை:

திறக்கும் சார். இன்ஜின் ஓடாது, கதவு திறக்கும். லாக் செட்டை மாற்றினால்தான் அதுவும் நிற்கும். அதுவரை டேஷ்போர்டில் ஆர்.சி. புத்தகத்தை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.