பிங் போகுது, விபிஎன் போகல: எம்பிஎல்எஸ்ல நீங்க வாங்கின அடி என்ன?

நைட்ஷிஃப்ட்காரன்:
என் கதைய முதல்ல சொல்லிடறேன். எம்பிஎல்எஸ்னா பாக்கெட் மேல ஒரு லேபிள் நம்பர் ஒட்டி, அந்த நம்பர மட்டும் பாத்து ரவுட்டர்கள் தள்ளி விடற முறை. ஆபீஸ் லேன், ஓஎஸ்பிஎஃப்னு (ரவுட்டர்கள் தங்களுக்குள்ள வழி சொல்லிக்கற ப்ரோட்டோகால்) ஆறு வருஷம் ஓட்டிட்டு ப்ரொவைடர் பக்கம் வந்த புதுசு. ராத்திரி ஒரு புது பிஇ ரவுட்டர் (கஸ்டமர் லைன் வந்து சேர்ற ஓர ரவுட்டர்) ஏத்தினோம், லூப்பேக்குக்கு, அதான் ரவுட்டருக்குன்னே வைக்கற அட்ரஸுக்கு, பிங் போகுது, ஓஎஸ்பிஎஃப் ஃபுல், கஸ்டமர் ரூட்டுகள பரிமாறற பிஜிபி அப், சரி போய்த் தூங்குங்கன்னு எல்லாரையும் அனுப்பிட்டேன். காலைல பாத்தா கஸ்டமர் விபிஎன்ல ஒரு பாக்கெட் கூட நகரல.

மூணு மணி நேரம் ரவுட்டிங் டேபிளையே முறைச்சிட்டு இருந்தேன். ஐபில பழகின புத்தி, அங்க ஒவ்வொரு ரவுட்டரும் அட்ரஸ பாத்து எது நீளமா மேட்ச் ஆகுதோ அந்தப் பக்கம் தள்ளும், /32 (ஒரே அட்ரஸ்) இல்லயா /24 (256 அட்ரஸ் கூட்டம்), அதுவும் இல்லயா டிஃபால்ட், எப்படியோ போய்ச் சேந்துரும். லேபிள் அப்படி இல்லங்க, கோயில் வாசல் செருப்பு டோக்கன் மாதிரி. 47ன்னா 47தான், செருப்பு என்ன கலர்னு எவனும் கேக்கமாட்டான். அந்த நம்பரும் அந்த ஸ்டாண்டுல மட்டும்தான் செல்லும், அடுத்த ரவுட்டருக்குப் போறப்ப வேற நம்பர்.

விஷயம் என்னன்னா லூப்பேக்குக்கு மாஸ்க் /24னு போட்டுத் தொலைச்சிருக்கேன். ஓஎஸ்பிஎஃப் அத /32ன்னு ஊருக்குச் சொல்லுது, லேபிள் பங்கு போடற எல்டிபி /24க்கு லேபிள் குடுக்குது, ரெண்டும் ஒட்டல. பக்கத்து ரவுட்டர்ல 'பாப் லேபிள்'னு இருக்க வேண்டிய இடத்துல 'நோ லேபிள்'. ரெண்டும் கழட்டறதுதானேன்னு தாண்டிப் போயிட்டேன் பாருங்க! விபிஎன் பாக்கெட்ல ரெண்டு லேபிள் அடுக்கா இருக்கும்; பாப்னா மேல இருக்கற ஒண்ண மட்டும் உருவும், உள்ள விபிஎன் லேபிள் பத்திரம். நோ லேபிள்னா மொத்த அடுக்கையும் உருவிட்டு வெறும் ஐபியா பாக்கும், கஸ்டமரோட 10ல ஆரம்பிக்கற அட்ரஸ் கோர்ல (ப்ரொவைடரோட நடு ரவுட்டர்கள்ல) ஏது, குப்பைதான். லூப்பேக் அட்ரஸ் கோருக்குத் தெரியும், அதான் பிங் மட்டும் ஜம்முனு போச்சு.

கேபிள்மாமா:
நமக்கு எம்டியு, அதாவது லைன் தாங்கற அதிகபட்ச பாக்கெட் சைஸ். லேபிள் ஒண்ணு 4 பைட், விபிஎன்னுக்கு ரெண்டு, 1500 பாக்கெட் 1508 ஆயிருச்சு, நடுவுல ஒரு கிழட்டு சுவிட்ச் சத்தமில்லாம கீழ போட்டுச்சு. லாகின் பேஜ் வரும், ரிப்போர்ட் எடுத்தா தொங்கும். அப்ளிகேஷன் டீமோட ரெண்டு நாள் சண்டை.

ஃபைனல்இயர்:
அண்ணே, ஸ்பீடுக்காகத்தான் லேபிள்னு காலேஜ்ல சொன்னாங்களே?

கேபிள்மாமா:
தொண்ணூறுகள்ல அது சரி தம்பி. இப்ப சிப்பே நீள மேட்ச ஃபுல் ஸ்பீடுல பாத்துரும். விபிஎன், டிராஃபிக்க நாம நினைச்ச வழில திருப்பறது, நடு ரவுட்டர் பிஜிபி டேபிள் சுமக்காம தப்பிக்கறது, இதுக்குத்தான் இன்னும் வச்சிருக்கோம். @நைட்ஷிஃப்ட்காரன், /32 ஆக்கினதும் வந்துச்சா?

நைட்ஷிஃப்ட்காரன்:
பட்டப்பகல்ல லூப்பேக்க தொட்டதுல பிஜிபி ஒருக்கா விழுந்து எந்திரிச்சுது, அடுத்த ரெண்டாவது நிமிஷம் வந்துருச்சு. கஸ்டமருக்குப் போன ரிப்போர்ட்ல ஒரே வரி, 'சப்நெட் மாஸ்க் தவறு'. அத எழுதத்தான் அரை மணி நேரம் ஆச்சு.